மதுரை நித்யாவை நான் விசாரித்த விவரம்

ராஜபாளையம்
15-6-1999

அன்பு மகன் பொன்னுராஜுக்கு உன் அம்மா அழகுத்தாய் எழுதிக்கொண்டது. நானும் உன் மகள் தங்கபாயும் இங்கு சுகம். வடக்கே பிலாயில் உங்கள் சுகத்துக்கு எழுதவும். மருமகளைக் கேட்டதாகச் சொல்லவும். போன கடுதாசியில் அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை நான் கவனித்துவிட்டதாகவும் சொல்லவும்.

நிற்க. இது கண்டதும் லீவு போட்டு ரயில் ஏறவும். உன் மகளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பினாய். நான் அப்போதே வேண்டாம் என்றேன், கார்த்திகை மாசம், மழை பெய்துகொண்டிருந்தது, நீ காதில் வாங்கவில்லை. வகுப்புக்குப் பக்கத்தில் வைகுண்டராஜ் என்பவர் இன்டர்நெட் கடை வைத்திருக்கிறார். அங்கே போய் மதுரை நித்யா என்று ஒருத்தியைச் சினேகம் பிடித்திருக்கிறாள் உன் மகள். "மூஞ்சியப் பாத்தியாட்டி?" என்றேன். "இல்ல அப்பத்தா." "குரலையாவது கேட்டியா?" "எழுத்துதான் அப்பத்தா வரும்." பொறவு அது பொம்பளைன்னு எப்படித் தெரியும்? போட்டோ கேக்காளாம், அட்ரஸ் கேக்காளாம், வீட்டுல எப்பத் தனியா இருப்பேன்னு கேக்காளாம். எனக்குப் பிடிபட்டுப்போச்சு. இது சுந்தரபாண்டியத்து வேலை. அந்த ஊர்ல இருக்க உன் அத்தை கருத்தம்மாள், அவ மக சடங்குல என் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமப் போனவ, இருபத்தாறு வருசமா நம்ம வீட்டு விசயம் தெரியாமத் தவிக்கா. பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கமான்னு வேவு பாக்க ஆள் வச்சிருக்கா.

சனிக்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். நாற்காலிய இழுத்துப் போட்டு, "நான் கேக்கத அப்படியே தட்டுட்டி"ன்னேன். பெட்டி பூராவும் இங்கிலீசு, எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. உங்கப்பன் பேரென்ன, குலசாமி எது, சுந்தரபாண்டியத்துக் கருத்தம்மாளைத் தெரியுமா, மம்சாபுரத்துல உங்களுக்கு யாரு? தெரியாது, தெரியாதுன்னே பதில் வருதுன்னு தங்கபாய் படிச்சுச் சொன்னா. நம்ம சனத்துக்கு ஒட்டே இல்ல. அப்பந்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. அன்னியத்தாருதானே, யார்கிட்டப் போயிச் சொல்லிரப் போறாக? அந்த நிம்மதியில கேக்காததையும் சொன்னேன். கதவு நம்பரு, நீ பிலாயில இருக்கது, வீட்டுல ரெண்டு பொம்பளைதாங்கிறது, பிள்ளை எந்த பஸ்ஸுல வருவா, நான் செவ்வாக்கிழமை கோயிலுக்குப் போறப்ப சாவி எந்தச் செடிச்சட்டிக்கு அடியில இருக்கும், உன் மூலவியாதி வரைக்கும்.

எந்திரிக்கும்போது வைகுண்டராஜ் சொல்லுதாரு: "ஆச்சி, அது நித்யாவே இல்லன்னா? நாப்பது வயசுத் தடியனாக்கூட இருக்கலாம். பிள்ளைகள மயக்குறவன் சினேகிதி மாதிரிதான் வருவான்." "சொன்னதத் திருப்பி வாங்க முடியுமாய்யா?"ன்னேன். முடியாதாம். அன்னையிலிருந்து கதவைச் சாத்தி அம்மிக்குழவிய முட்டுக்குடுத்து உக்காந்திருக்கேன். பால்காரர் வந்தாலும் குலசாமி பேரைக் கேட்டுத்தான் திறக்கேன். இன்னைக்குச் செவ்வாய், கோயிலுக்கும் போகல. பிள்ளைய வகுப்புக்கு விடல, அது மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு. நீ வந்து அவளக் கூட்டிட்டுப் போயிரு. கம்ப்யூட்டருக்கும் நம்ம குடும்பத்துக்கும் இதோட தீந்துச்சு.

மாரியம்மன் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா அழகுத்தாய்

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது தங்கபாய் பிடுங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "மம்சாபுரம் வரைக்குந்தான் அப்பத்தா தட்டுனேன். நீ கதவு நம்பர்னு ஆரம்பிச்சதும், 'எங்க அப்பத்தா போலீசுல இருக்கா, உன் அட்ரஸ் கேக்கா'ன்னு போட்டேன். அதோட அது ஓடிப்போச்சு." அட்ரஸும் போட்டோவும் முதல்லயே குடுக்கலையாம். "ஏட்டி, அன்னைக்கே ஏன் சொல்லல?"ன்னா, "நீ என்னப் பேச விட்டாத்தான?" என்கிறாள். ஆகையால் நீ வர வேண்டாம். நாளையிலிருந்து வகுப்புக்குப் போவாள். கூட நான் வரக்கூடாதாம். விவரமான பிள்ளைதான். ஆனாலும் முக்கால் மணி நேரம் என்னைப் பேசவிட்டு, எழுதுற மாதிரி சும்மா எழுத்துப் பலகையத் தட்டிக்கிட்டு இருந்திருக்கா பாரு, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.