மெழுகு டப்பாவும் மாமாவின் இட்லியும்

வாய் நீளமானவனுக்கு இடுப்பில் வேட்டி நிற்காது. அனுபவத்தில் சொல்கிறேன்.

நயா பைசா வந்த புதிது. நான் திண்டிவனத்தில் தகர டப்பாவுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். (படிப்பா? பள்ளிக்கூடத்துக்கு வாளி ஓட்டை அடைக்கப் போனதோட சரி.) விழுப்புரத்திலிருந்த தாய்மாமன் மகள் செல்லம்மாவைக் கட்டிக்கொள்ள ஆசை. மாமாவிடம் போய், என் டப்பாவில் வைத்தால் எதுவும் ஆறாது என்று அளந்துவிட்டேன்.

"அப்பிடியா? திண்டிவனத்துல அவிச்ச இட்லிய இங்க ஆவி பறக்கக் கொண்டாந்து குட்றா, பொண்ணத் தர்றேன். ஆறிப்போயிருந்துது, இந்தப் பக்கமே வரக்கூடாது" என்றார்.

எனக்கு ஒரு சங்கதி தெரியும். சுடுதண்ணீர் சட்டென்று ஆறிவிடும். உருகிய மெழுகு, திரும்ப உறைகிற வரைக்கும் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். (கையில கொட்டிக்கினு கத்துக்கிட்டது.) ஒரு டப்பாவில் மெழுகை உருக்கி ஊற்றினேன். ஆறியதும் நடுவில் குழி விழுந்தது. மாமா வீட்டுக்குப் போகிற பொருளில் குறை வைக்கலாமா? குழியையும் மெழுகால் விளிம்பு வரைக்கும் ரொப்பி, மூடியை ஈயத்தால் அடைத்தேன். கொதிநீரில் போட்டதும் டப்பா புதுமாப்பிள்ளை போல உப்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, மேலே வாழையிலை இட்லிப் பொட்டலங்களை அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

உருகின மெழுகுக்கு இடம் கூடுதலாக வேண்டும் என்பது, மயிலம் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தபோதுதான் புரிந்தது. 'டப்' என்று மூடி பிய்ந்தது. மெழுகு பொட்டலங்களை முழுக்காட்டிவிட்டு, டின்னின் அடிவழியாக என் தொடைக்கு வந்தது. கத்தினால் மானம் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முருகனை மட்டும் கூப்பிட்டேன்.

விழுப்புரத்தில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

"இன்னாய்யா, எறங்கல?" என்றார் கண்டக்டர்.

"நான் வந்துடுவேங்க. வேட்டிதான் சீட்ட வுட்டு வர மாட்டேங்குது."

இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். பாதி வேட்டி பஸ்ஸோடு போனது. துண்டைச் சுற்றிக்கொண்டு மாமா வீட்டு வாசலில் நின்றேன். செல்லம்மா ஜன்னலுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாமா ஒரு பொட்டலத்தை எடுத்துத் தட்டினார். 'டொக்' என்றது.

"இன்னாடா இது, இட்லியா, கோயில் செலையா?"

"ஒடச்சிப் பாருங்க மாமா."

அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டார். மெழுகு ஓடு பிளந்தது. உள்ளே அடைபட்டுக் கிடந்த ஆவி மாமாவின் மீசைக்கு ஏறியது. நம்பாமல் இட்லியைப் பிட்டவர், விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டார்.

"சுடுதுடா."

அந்த ஒரு வார்த்தை போதாதா? தை மாதம் கல்யாணம்.

இன்றைக்கும் செல்லம்மா எனக்குப் பாயசம் ஊற்றினால், டம்ளரில் இரண்டு விரல் குறைத்துத்தான் ஊற்றுவாள். பேரன்கள் ஏனென்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"உங்க தாத்தாவுக்கு ரொப்பி ஊத்தக்கூடாதுடா. வேட்டி நிக்காது."