ஏதென்ஸ் நகரமும் எங்கள் கோயில் தலைவர் பதவியும்

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு நான் கையைத் தூக்கினேன். நாசம் அப்போதுதான் தொடங்கியது.

செமோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில் இன்று மிஞ்சியிருப்பது எங்கள் அம்மன் கோயில்தான். சுற்றியுள்ள நிலத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கிவிட்டது. கோயில் எல்லையை முடிவு செய்ய மதியம் அதன் மேலாளர் வருவதாக ஏற்பாடு. காலையில் ஆண்டுப் பொதுக்கூட்டம். தலைவர் முனியாண்டி அண்ணனை எதிர்த்து அவருடைய மைத்துனரே நின்றார். நாற்காலி பறக்கும் நிலை.

நானோ, மகள் கவிதா ஆறாம் படிவத்துக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்புக்கு, எழுதிய கட்டுரையை முந்தின நாள்தான் படித்திருந்தேன். (முதல் பக்கம் மட்டும். அதற்குள் சோறு பொங்கிவிட்டது.) நம் அரசமைப்பு தேர்தலை நம்புகிறது, பழைய ஏதென்ஸில் குடிமக்கள் யாவரும் சமம் என்று பல பதவிகளைச் சீட்டுக் குலுக்கியே நிரப்பினார்களாம். நம் திருவுளச்சீட்டேதான் என்று எனக்குப் பட்டது.

எழுந்து அதைச் சொன்னேன். கைதட்டல் வேறு. எல்லார் பெயரையும் எழுதி அம்மன் காலடியில் போட்டார்கள். பூசாரி எடுத்த சீட்டில் என் பெயர்.

வேண்டாமென்று கெஞ்சினேன்.

"அம்மா குடுத்தத மாத்தறதா? பேசாம உக்காருங்கக்கா," என்றார் பூசாரி.

அரசமைப்பில் தப்பைத் திருத்த நீதிமன்றம் உண்டு. அம்மன் தீர்ப்புக்கு மேல்முறையீடு ஏது? நில அலுவலகத்துக்கு வருடக்கணக்காக அலைந்த முனியாண்டி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மேலாளர் வந்து வரைபடத்தை விரித்தார். மலாயில்தான் பேசினார். எனக்கு மலாய் தெரியும், வரைபடம்தான் தெரியாது. படபடப்பில் ஒவ்வொரு கோட்டுக்கும் "போலே, போலே" (சரி, சரி) என்று தலையாட்டிக் கையெழுத்தும் போட்டேன். அன்னதானக் கொட்டகை வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இன்றும் திருவிழாச் சாப்பாடு சாலையோரக் கூடாரத்தில், மழைச் சாரலில். குடைக்குள்ளிருந்து ஜனங்கள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே... யாராவது வரைபடம் விரித்தால் நான் இப்போதும் முதலில் பேனாவை ஒளித்துவிடுவேன். வீட்டில் நான் எந்த யோசனை சொன்னாலும் கணவர் கேட்பது ஒன்றுதான்: "ரெண்டாம் பக்கம் படிச்சாச்சா?"

காரணம், அன்று எல்லாம் முடிந்தபின் டியூஷனிலிருந்து வந்து சேர்ந்த கவிதா.

"ரெண்டாம் பக்கம் படிக்கலயாம்மா? கப்பல் ஓட்டறவன யாரும் சீட்டு போட்டு எடுக்கமாட்டாங்க, ஊர ஆள மட்டும் எடுப்பீங்களான்னு அந்த ஊரு ஞானியே திட்டியிருக்காரு லா."