மூன்று சென்சார்களும் ஒரு சத்தமான மன்னிப்பும்

கோபக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பொது நம்பிக்கை உண்டு: தப்பு எப்போதும் எதிரில்தான் நிற்கிறது. முப்பத்திரண்டு வயதில் எனக்கு அந்த நம்பிக்கை மிகத் திடமாக இருந்தது. இருபது வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது. திட்டுவதற்கு எதிரில் யாரும் இல்லாத குறைக்கு எழுதுகிறேன்.

கல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில், ராஜர்ஹாட்டின் வயல்களும் மீன் குளங்களும் நியூ டவுனாகிக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, எனவே நான் அதே ஊரின் பெஹாலாவில் வளர்ந்த தமிழன். பழைய எக்ஸ்கவேட்டர்களை (நம்மூரில் பொக்லைன் என்பார்களே, அது) வாங்கி வேலைக்கு விடும் ஒரு காண்டிராக்டரிடம் இஞ்சினியராக இருந்தேன். டீசல் இஞ்சினுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்திருந்த புதுசு. கோளாறு என்றால் ஆபரேட்டர் கேபினில் இருக்கும் சின்னத் திரையில் ஒரு எண் வரும். எந்த எண்ணுக்கு எந்த சென்சார் என்ற ஜெராக்ஸ் பட்டியல் என்னிடம் இருந்தது. இரண்டு வாரப் பயிற்சியும் ஒரு சான்றிதழும்கூட இருந்தன. பட்டியலை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். (டெலிபோன் டைரக்டரியை மனப்பாடம் செய்துவிட்டு ஊர்க்காரர்கள் எல்லோரையும் தெரியும் என்பவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான்தான்.)

அவற்றில் ஒரு இயந்திரத்தின் ஆபரேட்டர் நிதாய்தா ('தா' என்றால் அண்ணன்). என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பழைய முதலாளியிடம் அதை ஆறு வருஷம் ஓட்டிவிட்டு, அது விற்கப்பட்டபோது கூடவே எங்களிடம் வந்து சேர்ந்தவர். இஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். நாலாம் வகுப்புவரை படித்தவர். அந்த ஒரு விவரத்தை நான் எனக்குள் அடிக்கடி சொல்லிக்கொள்வேன்.

செப்டம்பரில் பிஷ்வகர்மா பூஜை வந்தது. அன்று கல்கத்தாவில் யாரும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தூக்க மாட்டார்கள். இயந்திரங்களுக்கு மாலை, மனிதர்களுக்குக் கிச்சுடி என்ற பருப்புச் சோறு, வானம் முழுக்கப் பட்டம். நிதாய்தா பக்தி மேலிட்டு, பானெட்டைத் திறந்து இஞ்சினுக்கே சிந்தூர் பூசி, சாமந்தி மாலையும் போட்டிருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால், கல்யாண மண்டபத்திலிருந்து தப்பி ஓடிவந்த மாப்பிள்ளை மாதிரி நின்றது இயந்திரம். நான் சுத்தக்காரன். பிரஷர் வாஷ் குழாயை நானே கையில் எடுத்தேன்.

"ஓகானே ஜோல் தேபேன் நா, பாபு," என்றார் நிதாய்தா. அங்கே தண்ணி அடிக்காதீங்க என்று அர்த்தம். (மீதியைத் தமிழிலேயே தருகிறேன். அசலில் என் திட்டுகள் இன்னும் நீளம்.) "துணியால தொடச்சுக்கலாம்."

"எனக்குத் தெரியும்," என்றேன். அடித்தேன்.

அன்று மத்தியானமே இஞ்சின் மூச்சுத் திணறியது. திரையில் எண். பட்டியலைப் பார்த்தேன்: கூலன்ட் வெப்ப சென்சார். புதிதாக வாங்கிப் போட்டேன். எண் மறைந்தது. மறுநாள் இன்னொரு எண்ணையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. டர்போ அழுத்த சென்சார். அதையும் மாற்றினேன். மூன்றாவது நாள் டீசல் அழுத்த சென்சார். ஒரே வாரத்தில் மூன்று சென்சார்கள் சேர்ந்து செத்துப்போகுமா என்று ஒரு மடையன்கூடக் கேட்டிருப்பான். நான் சான்றிதழ் பெற்றவன், கேட்கவில்லை.

அஸ்திவாரப் பள்ளம் பாதியில் நின்றது. அதில் மழைத் தண்ணீர் ஏறியது. முதலாளி தினம் மூன்று தடவை போனில், "பழைய மெஷின்னு தெரிஞ்சுதானே உங்களை வெச்சிருக்கேன்?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் என்னைக் கொதிக்க வைத்தது. நாலாம் நாள் பள்ளத்தின் விளிம்பில், இருபது பேர் பார்க்க வெடித்தேன்.

"ஒயரைப் பிடுங்கி விட்டது நீங்கதான்! சும்மா உக்காந்திருக்க நல்ல வழி கண்டுபிடிச்சிருக்கீங்க!"

"நான் தொடவே இல்ல, பாபு. எண்ணை விடுங்க. ஒயரிங்கைப் பாருங்க."

"நாலாங்கிளாஸ் எனக்கு ஒயரிங் சொல்லித் தருதா?"

நிதாய்தா சாவியை என் கையில் வைத்தார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க நடந்தார். 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று நான் அறிக்கை எழுதினேன். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் திட்டுவதற்கு ஆள் இல்லாததால் ஒயரிங்கைப் பார்த்தேன். இஞ்சினின் பக்கவாட்டில் ஒரு கனெக்டர். மூன்று சென்சார்களின் ஒயர்களும் அதன் வழியாகத்தான் போகின்றன. அதன் ரப்பர் எப்போதோ இற்றுப்போயிருந்தது. இழுத்துப் பிரித்தேன். உள்ளேயிருந்து சிவப்பாகத் தண்ணீர் வழிந்தது, கூடவே ஒரு சாமந்தி இதழ். சிந்தூர்த் தண்ணீர். அந்த சைட்டில் குழாய் பிடித்தவன் ஒரே ஒருத்தன். அவனை அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன், ஆனால் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். துணியால் துடைத்துக் காயவைத்து மாட்டினேன். மூன்று எண்களும் ஓடிப்போயின.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லி அறிக்கையைத் திரும்ப வாங்கிட்டேன். நிதாய்தாவை போன் பண்ணி வரச் சொல்லிடறேன்."

"திட்டினது போன்லயா?" என்றாள்.

சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு நிதாய்தா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி டப்பாவை வாங்கி, பிரிக்காமல் ஜன்னலில் வைத்தார். நிதாய்தா நான் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்தார்.

"என்னை எங்க வெச்சுத் திட்டினீங்க, பாபு?"

"சைட்ல."

"எவ்வளவு சத்தமா?"

நான் ஜன்னலில் இருந்த டப்பாவைப் பார்த்தேன்.

"அதே இடம். அதே சத்தம். அப்புறம்தான் சாவியைத் தொடுவேன்."

மறுநாள் அதே விளிம்பு, அதே இருபது பேர். இருபத்தொன்றாவதாக என் மனைவி, இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. (நான் கூப்பிடவில்லை.) பள்ளத்துத் தண்ணீரை இறைக்கும் பம்ப் காதைப் பிளந்தது. "தப்பு என்னோடது" என்றேன். எதிர்க்கரையில் கம்பி கட்டுகிற ஒருவன் காதில் கை வைத்துக் கத்தினான்: "ஷோனா ஜாச்சே நா!" கேக்கலை.

இன்னும் உரக்கச் சொன்னேன். "ஷோனா ஜாச்சே நா!" என்று இப்போது பத்துக் குரல்கள். யாராவது பம்ப்பை நிறுத்தியிருக்கலாம். ஒருவரும் நிறுத்தவில்லை. மூன்றாவது முறை நான் அலறியதில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். நிதாய்தா சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

அந்தப் பள்ளத்திலிருந்து எழுந்த கட்டடத்தில்தான், ஏழாவது மாடியில், இப்போது குடியிருக்கிறோம். போன மாதம் ஒரு மழை நாளில் ஹால் முழுக்கத் தண்ணீர். பால்கனிக் கதவைத் திறந்து போட்டதற்காக மகளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். திறந்து போட்டவன் நான் என்பதை மனைவி நிதானமாக நிரூபித்தாள். மகள் என் கையைப் பிடித்து பால்கனிக்குக் கூட்டிப்போனாள்.

"நீ கத்தினது மூணு மாடிக்குக் கேட்டதுப்பா. ம், சொல்லு."

"தப்பு என்னோடது," என்று முனகினேன்.

மகள் வாயைத் திறப்பதற்குள், எதிர் பிளாட்டில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த, நாங்கள் காகிமா என்று கூப்பிடும் பெங்காலி அம்மாள் தலையை நீட்டினார்.

"ஷோனா ஜாச்சே நா!"