காலி பாட்டிலை முகர்ந்தவர்

ருசி நிபுணர் என்றொரு இனம் உண்டு. காபியைக் கொடுத்தால் குடிக்க மாட்டார், முகர்வார், டம்ளரைச் சுழற்றுவார், ஒரு வாய் உறிஞ்சி அண்ணத்தில் உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு "ம்..." என்பார். அந்த "ம்" முடிவதற்குள் உங்கள் காபி ஆறிவிடும்.

சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இந்த இனத்துக்குத் தலைவர், கூட்ஸ் கிளார்க் ஆரோக்கியசாமி. ஐம்பத்திரண்டாம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு ஏற்காட்டில் ஒரு பெல்ஜியம் இன்ஜினீயர் பங்களாவில் கருப்பு பீர் சாப்பிட்டாராம்.

"முதல்ல பேரீச்சம்பழம், நடுவுல கருகின வெல்லம், கடைசியில ஒரு கிராம்பு!"

பன்னிரண்டு வருஷமாக இதே பாட்டுத்தான். மதுவிலக்கு ஜில்லாவில் யார் குடித்துப் பார்த்து மறுக்கப் போகிறார்கள்? கல்யாண வீடுகளில் பாயசத்தை முதலில் அவரிடம்தான் நீட்டினார்கள்.

உண்மை அவருக்கும் மனைவி அன்னாளுக்கும் மட்டும் தெரியும். அன்று அவருக்குக் கிடைத்தது காலி பாட்டில். அதை அவர் முகர்ந்துதான் பார்த்தார்; ருசி எப்படி என்பது பங்களா பட்லர் சொல்லக் கேட்டது. அந்த பாட்டிலில்தான் அன்னாள் இன்றும் நல்லெண்ணெய் வைத்திருக்கிறாள்.

வந்தது வினை. டாக்டர் சீட்டு வாங்கி, குடிக்க பெர்மிட் வைத்திருக்கும் ராசிபுரத்து ஜவுளிக்காரர் கைலாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து ஆரோக்கியசாமி வீடு திரும்பிய கையோடு, துண்டில் சுற்றிய பாட்டிலோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, தறி மிஷின் மாட்ட வந்த பெல்ஜியத்துக்காரர் கருப்பு பீருன்னு குடுத்துட்டுப் போனாருங்க. அசலா, போலியான்னு நீங்கதான் சொல்லோணும். எனக்கு ஒரு மண்ணும் தெரியலீங்க."

கதவைச் சாத்தினார்கள். பன்னிரண்டு வருஷ மானம் அரை டம்ளரில் நுரைத்துக்கொண்டு நின்றது. ஆரோக்கியசாமி முகர்ந்தார், சுழற்றினார், உறிஞ்சினார், கண்ணை மூடிப் பேரீச்சம்பழத்தைத் தேடினார். அகப்பட்டது கசப்பு. நிலவேம்புக் கஷாயக் கசப்பு! பாவம், மனிதருக்கு உள்ளங்கால் வரை வேர்த்துவிட்டது. அசல் என்றால், பேரீச்சம்பழம் எங்கே என்று கேட்பார்களே?

"போலி!" என்றார்.

கைலாசத்தின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப வாழைக்கு ஊத்திரட்டுங்களா?"

"இருங்க" என்று அடுப்படியிலிருந்து வந்தாள் அன்னாள். குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கினாள். "கசப்புத்தான். ஆனா பின்னாடியே பேரீச்சம்பழம் வருதே. கருகின வெல்லம்... அட, கிராம்பு!"

கைலாசம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீங்க பன்னண்டு வருசமாச் சொல்ற ருசியேதானுங்களே?"

ஆள் கவிழ்ந்தார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை உங்களுக்குத் தெரியாது.

"பின்ன? நான் போலின்னு சொன்னா மறுத்துச் சொல்ல இங்க ஒரு நாக்கு இருக்கான்னு சோதிச்சேன். பாத்தீங்களா, என் பழக்கத்துல வளந்த நாக்கை!"

கைலாசம் கையெடுத்துக் கும்பிட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போன அன்னாள், மிச்சத்தைக் காலி செய்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பேரீச்சம்பழம், கருகின வெல்லம், கிராம்பு என்று நான் எழுதினபோது, "ஆமாம், அப்படித்தான் இருக்கும்" என்று தலையை ஆட்டினீர்களே, நீங்கள் எந்த பங்களாவில் குடித்தீர்கள்?