பேராசை விதியும் சோம்பேறிக் குறியும்

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கும் ஒரே பாறைக்கு அடியில், கோடையிலும் வற்றாத குளம் ஒன்று இருந்தது. தண்ணீர் வேண்டிய மிருகங்கள் காலையில், குளத்து வேலிக் கதவில் இருந்த கணினிப் பெட்டிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். பெட்டி எல்லாச் செய்திகளையும் ஒரே நீள வரியாகக் கோத்து, மாலையில் அந்த வரிசைப்படி கதவைத் திறக்கும். காட்டு வழக்கப்படி செய்தியின் தொடக்கத்திலும் முடிவிலும் அவரவர் குரலைப் போட வேண்டும். நரி என்றால், 'ஊ, தண்ணீர் வேண்டும், ஊ.'

நரிகள் ஆளுக்குப் பல செய்திகள் அனுப்பின. கடைசியில் நின்ற சிறு உயிர்களுக்குச் சேறுதான் மிஞ்சியது. புகார்கள் குவிந்ததும், நரிச் செய்திகளை மட்டும் அழிக்க ஒரு விதி எழுதும்படி சிங்கராஜா உத்தரவிட்டார்.

அந்த வேலை இசக்கிமுத்து என்ற முள்ளெலிக்கு வந்தது. அவன் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் முள்ளெலி. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பந்தாகச் சுருண்டுகொள்வான். நேர்காணலிலும் அப்படித்தான் சுருண்டான். தேர்வுக் குழு அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு தற்காலிக வேலை கொடுத்தது. அவன் அம்மா செல்லாயி வளை வளையாகப் போய், "எம் மவன்தான் விதி எழுதுதான், இன்னைக்கு நமக்குத் தண்ணி உண்டு" என்று சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கே நாக்கு வறண்டிருந்தது.

இசக்கிமுத்து பலமுறை சரிபார்த்து விதியை எழுதினான்: 'ஊ' என்று தொடங்கி, நடுவில் எது எத்தனை வந்தாலும் சரி, 'ஊ' என்று முடிவதை அழி.

அன்று வரிசையில் ராஜாவுக்கு அடுத்தபடி ஒரு நரி இருந்தது. தூங்கி எழத் தாமதமான இன்னொரு நரி கடைசியில் இருந்தது. பெட்டி முதல் நரியின் முதல் 'ஊ'வைப் பிடித்தது. அடுத்த 'ஊ'வோடு நிற்கவில்லை. நடுவில் எது வந்தாலும் சரி என்று விதியே சொல்லிவிட்டதால், மான், முயல், யானை, செல்லாயி எல்லோரையும் விழுங்கிக்கொண்டு போய்க் கடைசி நரியின் கடைசி 'ஊ'வில்தான் நின்றது. மிஞ்சியது ராஜா மட்டும்.

ராஜா தனியாகக் குடித்தார், குளித்தார், குளத்தில் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். ஆட்சிக்கு வந்ததிலிருந்து இவ்வளவு அமைதியை அனுபவித்ததில்லை என்று சொல்லி, இசக்கிமுத்துவின் வேலையை நிரந்தரமாக்கினார். வாழ்த்தைக் கேட்டவன் சுருண்டான்.

வேலிக்கு வெளியே செல்லாயி நின்றிருந்தாள். அவள் அவனைத் திட்டவில்லை. "பெரிய படிப்புல்லா, எங்களுக்குப் புரியாதுய்யா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

பாடப் புத்தகத்தைப் புரட்டினான். அகப்பட்டவரை நீட்டி விழுங்கும் இத்தகைய விதிக்குப் 'பேராசை விதி' என்று பெயர். விதியோடு ஒரு சின்னக் குறியைச் சேர்த்தால் முதலில் கிடைக்கும் 'ஊ'விலேயே அது நின்றுவிடும். அந்தக் குறிக்குச் 'சோம்பேறிக் குறி' என்று பெயர். அந்தப் பக்கத்தில் தேர்வுக்காக அவனே அடிக்கோடிட்டிருந்தான்.

மறுநாள் குறியைச் சேர்த்தான். நரிகள் மட்டும் வெளியே நின்றன. செல்லாயி வயிறு நிறையக் குடித்தாள்.

கூட்டம் ஏன் என்று ராஜா முறைத்தார். இசக்கிமுத்துவின் மேலதிகாரியான கரடி, வெயில் அதிகம் என்று சமாளித்தது. ராஜாவும் நம்பிவிட்டார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தவறையும் திருத்தத்தையும் சொல்லாமல் சம்பளம் வாங்க இசக்கிமுத்துவுக்கு மனம் வரவில்லை.

"சொல்லாதய்யா. தண்ணி வருதுல்லா" என்றாள் செல்லாயி.

அவன் போய்ச் சொன்னான். முழுவதும், உதாரணங்களோடு.

ராஜா பொறுமையாகக் கேட்டார். "அப்போ நான் நிம்மதியா குளிச்ச நாள்தான் தப்பு, இல்லையா?"

"ஆமாங்கய்யா."

"எனக்கு அந்தத் தப்புதான் வேணும்."

குறி நீக்கப்பட்டது. இசக்கிமுத்துவும் நீக்கப்பட்டான். அந்த வேலை, பெட்டியை ஏமாற்றிய முன்அனுபவம் உள்ள ஒரு நரிக்குக் கிடைத்தது. நரிகள் இப்போது ராஜாவின் விருந்தினர்களாகப் பின்வாசல் வழியாகப் போகின்றன. வழக்கம் விடாமல் வரிசையின் இரண்டு முனைக்கும் ஒவ்வொரு 'ஊ' அனுப்பிவைக்கின்றன; நடுவில் உள்ளவர்களைப் பெட்டி விழுங்கிவிடுகிறது.

வேலி ஓரத்தில் சுருண்டு கிடந்த மகனிடம் செல்லாயி மெதுவாகச் சொன்னாள்: "எந்திரிய்யா. உன் படிப்பால ஒரு நாளு வயிறு நெறைய குடிச்சோம்லா. நம்ம வம்சத்துல அதுவே மொத தடவை."

நீதி: பேராசையைத் திருத்தக் கொஞ்சம் சோம்பேறித்தனம் போதும், ஆனால் அந்தச் சோம்பேறித்தனம், அரண்மனைக்கு நடந்து போய் உண்மை சொல்லும் விஷயத்திலும் இருக்க வேண்டும்.