எங்கள் மொழியின் ஒரே பயனாளி

"புள்ளியை மறுபடி எடுக்கப் போறீங்களாமே?" என்று கேட்டபடியே எங்கள் மொழிக்குழுவின் கூட்ட அறைக்குள் நுழைந்தார் நர்ஸக்கா. வார்டுச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

நான் எழுந்து நின்றேன். எளிய மக்களுக்கென்று கணினிக்கு ஒரு நிரல்மொழி உருவாக்கியவன், மக்கள் வந்தால் எழத்தான் வேண்டும். அந்த மொழியில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் புள்ளி வேண்டுமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தோம். வந்தவை அறுநூற்றுப் பதினொன்று. அனைத்துக்கும் உரிய மதிப்பளித்துப் புள்ளியை வைத்தோம், எடுத்தோம், மறுபடி வைத்தோம்.

"ஒவ்வொரு தடவையும் என் புரோகிராம் நின்னுபோகுது தம்பி. நாப்பது படுக்கை. யாருக்கு எப்ப ஊசின்னு அதுதான் சொல்லுது. போன தடவை ஏழாம் படுக்கைப் பெரியவருக்கு ரெண்டு மணி நேரம் தள்ளிப்போச்சு."

அறை நெகிழ்ந்துபோனது. எங்கள் மொழியில் ஒருவர் நிரல் எழுதியிருக்கிறார் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரியும். ஒருவர் கைதட்டினார்.

"புள்ளி இருக்கட்டும். என் ஓட்டு அதுக்குத்தான்."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "உங்களுக்கு ஓட்டு இல்லீங்க. நீங்க இதைப் பயன்படுத்துறீங்க. அப்போ முடிவுல உங்களுக்குச் சுயநலம் இருக்கும்ல?"

"நீங்கல்லாம்?"

"நாங்க யாரும் தொட்டதே இல்லை. சுத்தமான நடுநிலை."

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க?"

"ஆபீஸ் வேலைக்கு நான் வேற மொழிதான்க்கா." பயன்படுத்துவோருக்கு ஓட்டில்லை என்ற விதியை எழுதியவனும் நான்தான். ஓட்டு எண்ணும் நிரலையும் வேறு மொழியில்தான் எழுதியிருந்தேன்.

"நானும் விட்டுட்டா?"

"இந்த நிமிஷமே ஓட்டு உண்டு," என்றார் செயலாளர், முகம் மலர்ந்து.

அக்கா மடிக்கணினியைத் திறந்து தன் நிரலை அழித்தார். "விட்டாச்சு. புள்ளி இருக்கட்டும்னே போடுங்க. நாளைக்கு இன்னொருத்தி வந்து மாட்டுவா, பாவம்."

ஏகமனதாக உறுப்பினரானார். அவருடைய ஒரே ஓட்டில் புள்ளி தப்பியது. முதன்முறையாக எங்கள் முடிவு ஒன்றால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை என்று செயலாளர் பெருமையுடன் குறிப்பேட்டில் பதிந்தார்.

அடுத்த தீர்மானம் அடைப்புக்குறிகள் பற்றியது. சாயங்கால ஊசி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று, அக்கா பையிலிருந்து நீள நோட்டை எடுத்துப் படுக்கை வாரியான பட்டியலுக்குக் கோடு போட ஆரம்பித்தார். ஸ்கேல் வழுக்கியது. நான் ஒரு கையை வாக்குக்கு உயர்த்தியபடியே, மறுகையால் அதன் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.