எட்டுப் போட்ட பெல்ட்

விக்டரின் லேத்து பின்பக்கமாகச் சுற்றியது.

சுற்றட்டுமே, என்ன இப்போ என்று நீங்களும் நானும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் லேத்தில் மாட்டிய இரும்பு ஆளைப் பார்த்து இறங்கிச் சுற்றினால்தான் அதை வெட்டும் டூல் கடிக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் சும்மா தேய்த்துக்கொண்டு கிடக்கும்.

எதிரே ஸ்டூலில் அம்மாக்கண்ணு உட்கார்ந்திருந்தார். செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் கரும்பு ஜூஸ் வண்டி வைத்திருப்பவர். மெஷின் உருளையின் ஷாஃப்ட் ஒடிந்துபோய், புதிதாகக் கடைந்து வாங்க வந்திருந்தார். விடிந்தால் ஞாயிறு, கோட்டையில் கூட்டம்.

"நாலு மணி வரைக்கும் பாப்பேன் விக்டரு. இல்லன்னா கூட்டு ரோட்டாண்ட புதுசா ஒருத்தன் லேத்து போட்டிருக்கானே, அங்க போயிடுவேன்."

போவது அவர் மட்டுமல்ல. அடிவாரத்து ஏழு வண்டியும் அம்மாக்கண்ணு கைகாட்டும் பட்டறைக்குத்தான் போகும். அது தெரிந்துதான் விக்டர் சிரித்துக்கொண்டே வேர்த்தார்.

நடந்தது இதுதான். காலையில் பட்டறை இருக்கும் கடை வரிசைக்கே புது மெயின் போர்டு மாட்ட, எலக்ட்ரீஷியன் அன்புச்செல்வன் கரண்ட்டை நிறுத்தினான். சும்மா இருப்பானேன் என்று விக்டர் மோட்டாரிலிருந்து லேத்துக்குப் போகும் நைந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டார். விரற்கடை மிச்சமில்லாமல் அளந்து வெட்டி, கிளிப் அடித்து, தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். பதினோரு மணிக்குக் கரண்ட் வந்தது. சுவிட்சைப் போட்டார். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக், பத்து கிலோ கனம், எதிர்ப்பக்கம் சுற்றிய வேகத்தில் திருகிலிருந்து கழன்று, மனைவி ஸ்டெல்லா அப்போதுதான் கொண்டுவந்து வைத்த டிபன் கேரியர் மேல் விழுந்தது.

ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள்.

"உள்ளாற மீன் கொழம்பு இருந்துச்சு."

"பெல்ட்ட மாத்தி மாட்டிட்டேன் போல."

"நைட்டியவே உள்பக்கம் வெளிப்பக்கம் பாத்துத்தான் போடுறோம். பெல்ட்டுக்குப் பாக்க வேணாமா?"

விக்டருக்கு அது நியாயமாகவே பட்டது. பெல்ட்டைக் கழற்றி, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டினார். இப்போதும் பின்பக்கமாகத்தான் சுற்றியது. கூடுதலாக, பக்கத்து டயர் கடை நாய் எழுந்து ஓடும்படி கிறீச்சிட்டது.

"மோட்டார்ல எதனா..." என்று இழுத்தாள் ஸ்டெல்லா.

"மோட்டார நான் தொட்டனா? தொட்டது பெல்ட்ட. அப்ப தப்பு எங்க இருக்கும், சொல்லு!"

வக்கீல் மாதிரி மடக்கிவிட்டார். அவள் நசுங்கிய கேரியரை எடுத்துப் பையில் போட்டாள்.

மணி இரண்டரை. அம்மாக்கண்ணுதான் வாயைத் திறந்தார்.

"எங்க ஊரு ரைஸ் மில்லுல பெல்ட்ட எட்டு போட்ட மாதிரி குறுக்கால மாட்டியிருப்பான். ஒரு சக்கரம் இப்டி சுத்துனா இன்னொண்ணு அப்டி சுத்தும்."

"எனுக்குத் தெரியாதாக்கா? அதத்தான் பண்ணப்போறேன்" என்றார், அந்த நொடியில் தெரிந்துகொண்ட விக்டர்.

குறுக்கே மாட்டினால் நீளம் போதவில்லை. காலையில் கழற்றிய நைந்த பெல்ட்டில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போட்டார். சுவிட்சைப் போட்டதும் ஒட்டு பிய்த்துக்கொண்டு பறந்து, சுவரில் இருந்த மாதா காலண்டரை மார்ச்சிலிருந்து ஜூன் வரை கிழித்தது.

ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நல்லவேள, மாதா மேல படல. பட்டிருந்தா இன்னிக்கி நீங்க பட்டறையிலயே படுத்துக்க வேண்டிதுதான்."

மறுபடி ஒட்டு. இந்த முறை இரட்டைக் கிளிப். மணி மூன்றரை. விக்டர் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

தடக் தடக்கென்று நொண்டியது. ஆனால் சுற்றியது நேராக! டூல் கடித்தது. இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்தது.

அம்மாக்கண்ணு பக்கத்து ஜூஸ் வண்டிக்காரனுக்குப் போன் போட்டார்.

"டேய் பீமாராவ், உன் உருளையையும் எடுத்துக்கினு வா. மத்தவங்களையும் இட்டுக்கினு வா. அந்தப் புதுக் கடைக்கு எவனும் போவாதீங்க. இங்க ஒரு மனுசன் நம்ம வேலைக்கின்னு பெல்ட்டோட குஸ்தி போட்டு ஜெயிச்சிருக்கான்டா!"

மீன் குழம்பை மன்னித்த முகத்தோடு ஸ்டெல்லா முந்தானையை நீட்டினாள். விக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஷாஃப்ட் பாதி கடைந்திருக்கும்போது கரண்ட் போனது.

"அஞ்சு நிமிசந்தான், வந்துடும்" என்றார் விக்டர். வந்தும் விட்டது. வாசலில் ஜூஸ் வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு உருளையோடு வந்து நிற்க, அவர் கம்பீரமாக சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் டெஸ்டரோடு அன்புச்செல்வன் உள்ளே வந்தான்.

"மன்னிச்சுக்கண்ணே. காலைல புது போர்டுல ஒயர மாத்திக் குடுத்துட்டேன். மாவு மில்லு, மர அறுப்புன்னு இந்த வரிசைல எல்லா மோட்டாரும் ரிவர்ஸ்ல சுத்திச்சாம், ஒரே சண்ட. இப்ப கரெக்டா மாத்திட்டேன். போட்டுப் பாரு, உன் லேத்தும் இனிமே நேராத்தான் ஓடும்!"